பொத்தான்: சப்பானியமும் தமிழும் ஏற்ற ஓர் ஐரோப்பியச் சொல்

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர்களுள் ஒன்று ரெட்டியார்சத்திரம். இவ்வூர்ப்பெயரில் முன்னிற்கும் 'ரெட்டி' தெலுங்கு நாட்டுக் குடிப்பெயர். அதனோடு இயைந்த 'ஆர்' தமிழின் உயர்வுப்பன்மை விகுதி. 'சத்திரம்' வடமொழிச் 'சத்ர' என்பதன் வழிவந்தது. மூன்று மொழியின் கூறுகள் ஒன்றாய் இயைந்து நிற்பினும், அவ்வூரார்க்கு அஃது ஒரே பெயராம். வேற்றுமொழிக் கூறுகள் அதன்கண் உள என்பதை அவர் உணர்ந்து கூறுவதில்லை. கடன்சொல்லின் இயல்பு இதுவே. நெடுநாள் வழங்கிய கடன்சொல் தான் வந்த வழியை மறைத்துவிடும். அவ்வழியைக் கண்டு காட்டுதல் சொல்லாராய்ச்சியாளன் கடன்.

இப்பகுதித் தையற்காரர், 'காஜா எடுத்துப் பட்டன் தைக்கவேண்டும்' என்பர். அகவை முதிர்ந்தோர் சிலர் 'பட்டன்' என்னாது 'பொத்தான்' என்றும் 'பித்தான்' என்றும் வழங்குவர். கடல்கடந்த சப்பான் நாட்டிலும் இப்பொருளின் பெயர் 'பொத்தன்' என்பதேயாம். (சப்பானியச் சொல்லின் முதலொலி 'பலம்' என்னும் வடசொல்லின் முதலொலியை ஒத்தது, தகரம் இரட்டியாது வல்லொலியாய் நிற்கும். ஈண்டுப் பிறமொழிச் சொற்களைத் தமிழெழுத்தால் குறித்தல் ஒலியணுக்கம் பற்றியதே எனக் கொள்க.) பொருளும் ஒன்று, ஒலியும் ஏறத்தாழ ஒன்று. இவ்வொற்றுமை எதனைக் காட்டுகின்றது? இருமொழிக்கும் இடையே உள்ள உறவையா, தற்செயலையா, அன்றி மூன்றாவது மொழியொன்றன் வரவையா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

வினா சிறிதாயினும் அதன் பயன் சிறிதன்று. தமிழும் சப்பானியமும் உறவுடையன என்னும் கொள்கையைச் சப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) வலியுறுத்தினார். யாழ்ப்பாணத்து அறிஞர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு இணைந்து ஆய்ந்தனர். அக்கொள்கையை ஏற்றோரும் உளர், மறுத்தோரும் உளர். அதனை முடிவு செய்தல் ஈண்டு நோக்கமன்று. ஆயின், இருமொழிச் சொற்களை நிரல்பட வைத்து ஒப்பிடப் புகும் ஆராய்ச்சி மாணவர் எவரும், முதற்கண் இருமொழிக்கும் பொதுவாய்ப் புறத்தேயிருந்து வந்த சொற்களைக் களைந்துவிடுதல் வேண்டும். களையாவிடின் வரவு உறவாய்த் தோன்றும். களையும் முறையைக் காட்டுதற்குப் 'பொத்தான்' தக்க சான்றாம்.

1. மயக்கந் தரும் இரு வழிகள்

முதலில், இச்சொல்லைத் தமிழ்ச்சொல்லே எனக் கொள்ளுதற்குரிய வாய்ப்பை நோக்குவோம். தமிழில் 'பொத்துதல்' என்னும் வினை மூடுதற் பொருளில் வழங்குகின்றது. வாய் பொத்துதல் என்பது யாவரும் அறிந்தது. 'பொத்து', 'பொத்தல்' என்பன துளையைக் குறிக்கும். சட்டையின் திறப்பை மூடுவதும், துளையினுள் நுழைவதும் ஆகிய ஒரு பொருளுக்குப் 'பொத்தான்' என்னும் பெயர் இவ்வடியினின்று பிறந்ததெனின், கேட்போர் உடனே இசைவர். பொருட்பொருத்தம் அத்துணைச் சிறப்பாக அமைந்துள்ளது.

எனினும் பொருட்பொருத்தம் ஒன்றே பிறப்பிற்குச் சான்றாகாது. வினையடியினின்று 'ஆன்' ஈற்றால் அமையும் 'தட்டான்' போன்ற பெயர்கள் பெரும்பாலும் உயர்திணையையோ உயிரினங்களையோ குறிப்பன. கருவிப்பெயர்கள் பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை. 'பித்தான்' என்னும் வேறுவடிவிற்கும் இவ்வடி விளக்கந் தாராது. இவற்றினும் வலிய தடை பின்னர்க் காட்டப்பெறும்.

சப்பானியத்திலும் இத்தகைய மயக்கம் ஒன்று உண்டு. அம்மொழியில் 'பொத்தன்' என்பது ஒருவகைச் சிறப்புமிக்க மலரின் பெயருமாம். அது சீன மொழியினின்று வந்தது. சட்டைப் பொத்தானின் வட்ட வடிவை மலரோடு ஒப்பிட்டு, ஒன்றினின்று மற்றொன்று பிறந்ததெனக் கூறுதல் எளிது. ஆயின் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒலியால் மட்டும் ஒன்றுபட்டன. மலர்ப்பெயர் சீன எழுத்துகளால் எழுதப்படும். சட்டைப் பொத்தானின் பெயரோ பெரும்பாலும் வேற்றுமொழிச் சொற்களுக்குரிய 'கத்தகனா' எழுத்தால் எழுதப்படும். சப்பானியர் எழுத்துமுறையே கடன்சொல்லை ஓரளவு காட்டிக்கொடுக்கின்றது. தமிழில் அத்தகைய தனியெழுத்து இன்மையால், பொத்தான் தமிழ்ச்சொல்லே போல நிற்கின்றது.

2. சொல்லின் ஐரோப்பியப் பிறப்பு

இருமொழிக்கும் இச்சொல்லை அளித்தது போர்த்துக்கீசியம். அம்மொழியில் இது 'பொத்தாவ்' என ஒலிக்கும். ஈற்றிலுள்ள 'ஆவ்' மூக்கொலி கலந்த இணையுயிர். அம்மொழியில் இச்சொற்கு இருபொருள் உண்டு: ஒன்று மலரின் அரும்பு, மற்றொன்று சட்டைப் பொத்தான். போர்த்துக்கீசியம் இதனைப் பழைய பிரெஞ்சு மொழியின் 'பொத்தோன்' என்பதனின்று பெற்றது. அப்பிரெஞ்சுச் சொல், 'தள்ளுதல், உந்துதல்' எனப் பொருள்படும் வினையினின்று பிறந்தது. கிளையினின்று வெளியே உந்தி நிற்பது அரும்பு. துணியினின்று அரும்புபோல் உந்தி நிற்பது பொத்தான். பிரெஞ்சு வினையோ செருமானியக் குடும்பத்தைச் சார்ந்த, 'அடித்தல்' என்னும் பொருளுடைய வினையொன்றன் வழிவந்தது.

ஆங்கிலமும் தன் 'பட்டன்' என்னும் சொல்லை அதே பழைய பிரெஞ்சுச் சொல்லினின்று பெற்றது. ஆகவே தமிழில் வழங்கும் 'பொத்தான்', 'பட்டன்' என்னும் இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிறந்து, இருவேறு காலத்தில், இருவேறு கப்பலில் வந்த உடன்பிறப்புச் சொற்களாம்.

3. ஒலிச்சான்று

தமிழ்ப் பொத்தான் ஆங்கிலத்தினின்று வந்ததன்று, போர்த்துக்கீசியத்தினின்று வந்ததே என்பதற்குத் தமிழ் ஒலியமைப்பே சான்று பகரும். போர்த்துக்கீசியத் தகரம் பல்லொலி. ஆதலின் தமிழர் அதனைத் தகரத்தால் ஏற்றனர். பாதிரி என்னும் சொல்லை நோக்குக. ஈழத்தமிழில் வழங்கும் கதிரை (நாற்காலி), சப்பாத்து (காலணி), துவாய் (துவட்டும் துணி) என்பவற்றையும் நோக்குக. ஆங்கிலத்தின் அவ்வொலி நுனியண்ணத்தைச் சார்ந்து ஒலித்தலின், தமிழர் செவிக்கு டகரமாய்ப் பட்டது. டிக்கெட்டு, டவல் என்பன காண்க. ஒரே பொருட்கு ஈழத்தில் 'துவாய்' எனவும் தமிழகத்தில் 'டவல்' எனவும் வழங்குதல், 'பொத்தான்–பட்டன்' என்னும் இணைக்கு நேர் ஒத்தது. தகரம் உள்வழிப் போர்த்துக்கீசியம், டகரம் உள்வழி ஆங்கிலம் என்பது இவ்வகைச் சொற்களை ஆய்வார்க்குப் பெரிதும் பயன்படும் ஓர் அளவுகோல்.

'பித்தான்' என்னும் வடிவும் இவ்வழியே விளக்கம் பெறும். போர்த்துக்கீசியத்தில் அழுத்தம் பெறாத ஒகரம் உகரச் சாயலுடன் ஒலிப்பதுண்டு. அவ்வொலியைக் கேட்டோர் 'புத்தான்' என ஏற்றிருப்பின், புட்டு பிட்டு எனவும், புடவை பிடவை எனவும் ஆனாற்போல அது பித்தான் ஆகியிருத்தல் கூடும்.

சப்பானியத்திலும் இதே அளவுகோல் வேறொரு வகையில் அமைகின்றது. ஆங்கிலச் சொல்லின் முதலுயிர் சப்பானியத்தில் அகரமாகும். வெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அங்குப் 'பத்தா' என வழங்குதல் காண்க. பொத்தான் ஆங்கிலவழி வந்திருப்பின், முதலெழுத்து அகரம் ஏறியே நிற்றல் வேண்டும். அஃது ஒகரம் ஏறி நிற்றலின், போர்த்துக்கீசியவழி வந்தமை தெளிவு.

ஈற்றொலி இதனினும் சிறந்த சான்று. போர்த்துக்கீசிய 'ஆவ்' என்னும் மூக்கொலி ஈற்றை ஏற்ற மொழி ஒவ்வொன்றும் தனக்கியன்ற மெல்லெழுத்து ஒன்றால் அதனைக் குறித்தது. சப்பானியம் னகரத்தால் குறித்தது: ரொட்டியைக் குறிக்கும் 'பாவ்' அங்குப் 'பன்' ஆயிற்று; உடலையொட்டி அணியும் உடையைக் குறிக்கும் 'ஜிபாவ்' என்பது 'ஜுபன்' ஆயிற்று; அவ்வாறே 'பொத்தாவ்' என்பது 'பொத்தன்' ஆயிற்று. மூன்று சொற்களிலும் ஒரே மாற்றம் நிகழ்ந்துள்ளது. சவர்க்காரத்தைக் குறிக்கும் 'ஷபொன்' இந்நெறியினின்று வேறுபட்டு ஒகரம் பெறுகின்றது. ஆயின் அதற்கு இசுப்பானிய வடிவே மூலமாதல் கூடும் என்னும் கருத்தும் உண்டு.

ஈழத்தமிழர் 'பாவ்' என்பதனைப் 'பாண்' என ஏற்றனர். ரொட்டிக்கு அங்கு இன்றும் அதுவே பெயர். எனவே சப்பானியப் 'பன்', ஈழத்துப் 'பாண்' என்னும் இணையும், சப்பானியப் 'பொத்தன்', தமிழ்ப் 'பொத்தான்' என்னும் இணையும் ஒரே நெறியில் அமைந்தவை. ஒரு சொல்லின் ஒற்றுமை தற்செயலாதல் கூடும். நெறிப்பட்ட ஒற்றுமை தற்செயலாகாது. ஆயினும் நெறிப்பட்ட ஒற்றுமையும் இனவுறவையே காட்டும் எனத் துணிதற்கில்லை. கடனும் நெறிப்பட்டே நிகழும் என்பதனை இவ்விணைகள் காட்டுகின்றன.

4. பரவற்சான்று

முன்னர்க் குறித்த வலிய தடை இதுவே. பொத்தானின் பெயர் தமிழிலும் சப்பானியத்திலும் மட்டும் இவ்வாறு அமைந்ததன்று. வங்கமொழியில் 'பொதாம்', சிங்களத்தில் 'பொத்தம', மலாய் மொழியில் 'புத்தாங்' என வழங்குகின்றது. இவை ஒரே மொழிக்குடும்பத்தைச் சார்ந்தவை அல்ல. இவற்றை இணைப்பது குடும்பமன்று, கடல்வழி. வங்கக்கரை, சோழமண்டலக்கரை, இலங்கை, மலாக்கா, சப்பான் என்னும் இவ்விடங்களை நிலப்படத்தில் குறித்தால், போர்த்துக்கீசிய வணிகக் கப்பல்கள் சென்ற வழியே புலப்படும். தமிழ்ப் 'பொத்து' என்னும் அடியினின்று இச்சொல் பிறந்ததெனின், போர்த்துக்கீசியர் கீழ்த்திசைக்கு வருமுன்னரே பிரெஞ்சில் இஃது எவ்வாறு வழங்கிற்று என்பதற்கு விடையில்லை.

இப்பரவல் தனித்தொரு சொல்லுக்கே உரியதுமன்று. ரெட்டியார்சத்திரத்திற்கு மேற்கே அதே பெருவழியில் அமைந்த ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையால் பெயர்பெற்றது. சந்தை வாழ்வோடு பிரிக்கவியலாத சொல் 'ஏலம்'. இதுவும் போர்த்துக்கீசிய 'லெய்லாவ்' என்பதன் திரிபு. அப்போர்த்துக்கீசியச் சொல் அரபு மொழியினின்று வந்தது. மலாய் மொழியில் இது 'லெலாங்', வங்கத்தில் 'நிலாம்', மலையாளத்தில் 'லேலம்'. 'புத்தாங்–லெலாங்' எனவும் 'பொதாம்–நிலாம்' எனவும் மலாயும் வங்கமும் தத்தம் நெறி பிறழாது நிற்றல் காண்க. தமிழில் லகரம் மொழிக்கு முதலாகாமையால் அது நீங்கிற்று. ஈறு தமிழ்ப்பெயர்களுக்கு இயல்பான 'அம்' ஆயிற்று. இவ்விரு திருத்தமும் நிகழ்ந்தபின், ஏலத்தை வேற்றுச்சொல் என ஐயுறுவார் இலர்.

5. வரலாற்றுச் சான்று

ஒலியும் பரவலும் காட்டுவதை வரலாறு உறுதிசெய்கின்றது. 1498இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் கோவாவும் 1511இல் மலாக்காவும் போர்த்துக்கீசியர் வசமாயின. 1543இல் போர்த்துக்கீசியர் சப்பானின் தனெகசிமாத் தீவை அடைந்தனர். 1571 முதல் நாகசாகி அவர்தம் வணிகத் துறைமுகமாயிற்று.

இருகரையையும் இணைக்கும் ஒருவரது வாழ்க்கையை ஈண்டுக் குறிப்பிடல் தகும். பிரான்சிசு சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணியாற்றினார். 1545இல் மயிலாப்பூரில் தங்கி மலாக்கா சென்றார். 1549 ஆகத்து 15ஆம் நாள் சப்பானின் ககோசிமாவில் இறங்கினார். தமிழ்க்கரைக்கும் சப்பானியக் கரைக்கும் போர்த்துக்கீசிய மொழி சென்ற இடைவெளி ஒரு மனிதரின் ஏழாண்டுப் பயணத்துள் அடங்கியது.

அச்சுக்கலையும் இருகரையையும் இணைத்தது. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று. 1590இல் இயேசு சபையார் சப்பானுக்கு அச்சுப்பொறி கொணர்ந்தனர். 1603இல் நாகசாகியில் சப்பானிய–போர்த்துக்கீசிய அகராதி வெளிவந்தது. அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்றது. இருமொழியும் போர்த்துக்கீசியத்தோடு நெருங்கிப் பழகிய காலம் ஏறத்தாழ ஒன்றே.

சப்பான் 1639இல் போர்த்துக்கீசியரை நாட்டினின்று விலக்கிற்று. சொற்கள் விலகவில்லை. 1868க்குப் பின், மெய்சி ஆட்சிக் காலத்தில், படைவீரரும் மாணவரும் மேனாட்டுச் சீருடை அணியத் தொடங்கியபோது, பொத்தான் நாடெங்கும் பரவிற்று. அதற்குரிய பெயரை மொழி முன்னரே பெற்றிருந்தது.

திண்டுக்கல் சமவெளியில் போர்த்துக்கீசியர் ஒருகாலத்தும் ஆண்டாரல்லர். எனினும் கடற்கரையில் ஏற்ற சொல் தமிழ்மொழி வாயிலாகவே உள்நாட்டை அடைந்தது. கடன்கொண்ட ஊர் வேறு, வழங்கும் ஊர் வேறு. ஓர் ஊரின் வழக்கில் போர்த்துக்கீசியச் சொல் உண்மையின் அவ்வூரில் போர்த்துக்கீசியர் இருந்தனர் எனக் கோடல் பிழையாம்.

6. ஏற்றதும் ஏலாததும்

ஒரே கப்பல் இருகரையிலும் நின்றதாயினும், இருமொழியும் ஒரே வகையாய் ஏற்றில. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் பூட்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. 'பூட்டு' தமிழ்ச்சொல், அதனைத் திறக்கும் 'சாவி' போர்த்துக்கீசியச் சொல். 'திறவுகோல்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கவும் சாவி வந்து நிலைத்தது. சப்பானியரோ அதனை ஏற்றிலர். தம் பழஞ்சொல்லாகிய 'ககி' என்பதனையே வழங்குகின்றனர். எனவே சொல்லின்மையால்தான் கடன்கொள்ளல் நிகழும் என்பது முழுதும் உண்மையன்று.

மறுதலையாக, புகையிலையின் பெயரைச் சப்பானியர் 'தபகோ' எனப் போர்த்துக்கீசிய ஒலியோடு ஏற்றனர். தமிழர் 'புகை', 'இலை' என்னும் தம் சொற்களாலேயே பெயர் அமைத்தனர். வியப்பிற்குரியது யாதெனின், சப்பானியர் 'தபகோ' என ஒலித்துக்கொண்டே, அதனைப் 'புகை', 'புல்' எனப் பொருள்படும் இரு சீன எழுத்துகளால் எழுதுவர். இப்பொருளொற்றுமை தமிழினின்று சென்றதன்று. பொருளின் தன்மையே இருவர்க்கும் ஒத்த எண்ணத்தைத் தந்தது.

இனித் தையற்காரரின் 'காஜா' என்னும் சொல்லுக்கு வருவோம். பொத்தான் நுழையும் துளைக்கு இது பெயர். இந்தியில் 'காஜ்' என வழங்கும் இதனைப் போர்த்துக்கீசிய 'காசா' என்பதன் வழிவந்ததாக அறிஞர் கொள்வர். 'காசா' என்பதன் பொருள் வீடு. பொத்தானின் துளையைப் பொத்தானின் வீடு என்றல் அம்மொழி மரபு. ஜகரத்தோடு வழங்குதலின் இச்சொல் தமிழ்க்கரையில் நேரே ஏற்றதன்று, வடக்கிலிருந்து தையற்றொழிலோடு வந்தது எனக் கருதலாம். ஆகவே 'காஜா எடுத்துப் பட்டன் தைத்தல்' என்னும் தொடரில், பொத்தான் ஆங்கிலப் பெயர் பெற்றுவிட்டது. அதன் வீடு இன்னும் போர்த்துக்கீசியமாகவே உள்ளது.

7. கொள்ளத்தகும் நெறிகள்

மேற்கூறியவற்றால் மூன்று நெறிகள் பெறப்படும். முதலாவது, ஒரு சொல் ஒப்புமை காணப்படின், ஒப்பிடும் இருமொழியை மட்டும் நோக்காது அண்டை மொழிகளையும் நோக்குதல் வேண்டும். தமிழையும் சப்பானியத்தையும் மட்டும் நோக்கின் பொத்தான் உறவாய்த் தோன்றும். வங்கமும் மலாயும் சேர்ந்தவுடன் அது வரவு எனத் தெளியும். இரண்டாவது, ஒரு சொல்லை மட்டும் கொண்டு துணியாது, அதே மாற்றம் பெற்ற பிற சொற்களையும் காணுதல் வேண்டும்.

மூன்றாவது, காலம் அறிதல் வேண்டும். இது போர்த்துக்கீசியச் சார்பாய்க் கூறுவார்க்கும் பொருந்தும். நன்றி கூறும் சப்பானியச் சொல்லாகிய 'அரிகத்தோ' என்பதனைப் போர்த்துக்கீசிய 'ஒப்ரிகாதோ' என்பதன் திரிபாகக் கூறுவார் உளர். ஒலியும் பொருளும் ஒத்திருப்பினும் அக்கூற்றுப் பொருந்தாது. 'அரிகத்தோ' என்பதன் மூலச்சொல் 'கிடைத்தற்கரிய' என்னும் பொருளில், ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் செய் சோனகொன் என்னும் பெண்பாற் புலவர் இயற்றிய 'மகுரா நோ சோசி' என்னும் நூலிலேயே வழங்குகின்றது. போர்த்துக்கீசியர் வருதற்கு ஐந்நூறாண்டுகட்கு முன் வழங்கிய சொல் அவர்தம் கடனாதல் இயலாது. இவ்வாறு, பொத்தானைப் போர்த்துக்கீசியம் என நிறுவும் நெறியே அரிகத்தோவை அஃது அன்றென நிறுவுகின்றது. விரும்பிய முடிவுக்கு மட்டும் துணைநிற்பது நெறியன்று.

இன்று பேச்சுவழக்கில் 'பட்டன்' மிகுந்து 'பொத்தான்' அருகி வருகின்றது. 'பித்தான்' இன்னும் அருகியது. ஈழத்துத் 'தெறி' என்னும் அழகிய சொல்லைத் தமிழகத்தார் பலர் கேட்டுமிரார். ஆயின் எழுத்துவழக்கில் பொத்தான் புதுவாழ்வு பெற்றுள்ளது. மின்பொறிகளை இயக்க அழுத்தும் குமிழுக்கும் இன்று அதுவே பெயர். சப்பானியத்திலும் அக்குமிழுக்குப் 'பொத்தன்' என்பதே பெயர். உந்துதல் என்னும் வினையினின்று ஐரோப்பாவில் பிறந்த சொல், இருமொழியிலும் உந்தப்படும் பொருளுக்குப் பெயராகி நிற்கின்றது.

முதியோர் வாயில் எஞ்சியுள்ள இத்தகைய வடிவங்களை ரெட்டியார்சத்திரம் போன்ற உள்நாட்டூர்களினின்று ஊர்தோறும் தொகுத்தல் உடனடியாகச் செய்யத்தக்க பணி. 'பொத்தான்', 'பித்தான்' என்னும் வடிவங்களின் எல்லை எங்கு முடிகின்றது, 'காஜா' எவ்வெத் தொழிலாளரிடை வழங்குகின்றது என்பன தையற்காரரையும் முதியோரையும் கேட்டே அறியப்படும். தமிழின் பழைய உறவுகளை நிறுவ விழைவோர் முதலில் அதன் அண்மைக் கடன்களைக் கணக்கிடுவாராக. கடனைக் கழித்தபின் எஞ்சுவதே உறவிற்குச் சான்றாய் நிற்கும்.